மன்றாட்டு

"தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒருவர் கடிதம் எழுதினால், அதைப் படிக்கிற நம் மனக்கண்ணில் என்ன உருவம் தோன்றுகிறது? தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருக்கிறது. முதுகு வளைந்திருக்கிறது. கைகள் குவிந்திருக்கின்றன. குரல் தழதழக்கிறது. கேட்பவர் கீழே நிற்கிறார். கொடுக்கக் கூடியவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். பணிந்து கேட்பதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. வேண்டுதல் என்கிறோம், இறைஞ்சுதல் என்கிறோம், இரத்தல் என்கிறோம், கெஞ்சுதல் என்கிறோம். இத்தனையும் போதாது என்று தோன்றும்போது கடைசியாக எடுத்துக் கையாளுகிற சொல்தான் மன்றாடுதல். அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு காலில் விழ வேண்டியதுதான்.

ஆனால், அந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். மன்று ஒன்று; ஆடு இன்னொன்று. இந்த இரண்டில் எதற்குள் கெஞ்சல் ஒளிந்திருக்கிறது? மன்று என்றால் ஊரார் கூடுகிற பொதுவிடம். ஆடுதல் என்பது கூத்தாடுவதை மட்டும் குறிப்பதன்று. உரையாடுகிறோம், சொல்லாடுகிறோம், வாதாடுகிறோம், வழக்காடுகிறோம், போராடுகிறோம். இவற்றில் எதுவும் முதுகு வளைந்தவன் செய்கிற காரியம் அல்ல. அப்படியானால் மன்றாடுதல் என்பதற்கு நேரான பொருள் என்ன? ஊர் கூடிய இடத்தில் எழுந்து நின்று பேசுதல். தன் வழக்கைத் தானே எடுத்துச் சொல்லுதல். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியைப் புரட்டினால், வழக்காடுவது என்ற பொருளும் கெஞ்சி வேண்டுவது என்ற பொருளும் ஒரே சொல்லின் கீழ் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். அச்சில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே விரற்கடை தூரம்தான். வாழ்க்கையில் அந்தத் தூரத்தைக் கடக்கப் பல நூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. எழுந்து நின்ற சொல் எப்படி மண்டியிட்டது என்பதுதான் இங்கே நாம் பார்க்க வேண்டிய கதை.

முதலில் மன்று இருந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். சங்க நூல்கள் காட்டுகிற மன்றம் பெரிய மண்டபம் அல்ல. ஊர் நடுவே ஒரு பெரிய மரம். அதன் நிழலில் முதியவர்கள் கூடுவார்கள். அந்தியில் ஆநிரைகள் வந்து நிற்கும். மாட்டுக்கும் மனிதனுக்கும் பொதுவான இடம் அது. சிதம்பரத்தில் இறைவன் ஆடுகிற இடத்துக்கும் தமிழர்கள் வைத்த பெயர்கள் மன்று, அம்பலம், பொது என்பவைதான். கடவுள் ஆடுவதற்குக்கூட அந்தப்புரத்தைத் தேடவில்லை. எல்லாரும் வந்து பார்க்கக்கூடிய இடத்தைத்தான் தேடினார்கள்.

இந்தப் பழக்கத்தின் சுவடு இன்னும் அழிந்துவிடவில்லை. காரைக்குடியைச் சுற்றியுள்ள சிவகங்கைச் சீமையிலே கிராமங்களுக்குள் போய், இங்கே பெரியவர் யார் என்று கேட்டால், "அம்பலத்தைப் பாருங்கள்" என்பார்கள். அம்பலகாரர் என்று முழுப் பெயரைச் சொல்வதுகூட இல்லை. இடத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. ஊர்ப் பொதுவிடத்தில் நியாயம் சொல்லுகிற பொறுப்பு யாருக்கு உண்டோ அவர் அம்பலம். அந்த அம்பலத்தின் முன்னே வந்து வழக்குச் சொல்லுகிறவன் மன்றாடுகிறவன். இருவரும் நிற்பது ஒரே மண்ணில்தான்.

மன்றாடுதல் என்ற சொல் தன் பழைய கம்பீரத்தோடு நின்றதற்குக் கல்லில் வெட்டிய சாட்சி ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் என்று ஓர் ஊர். அங்கே அம்பலநாத சுவாமி கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. காலம் ஏறக்குறைய கி. பி. 800. உத்தரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மானூர்க் கல்வெட்டு அவற்றுக்கும் நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. அந்த ஊரின் பிராமண சபையார் கூடித் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொண்டார்கள். ஊரில் நிலப்பங்கு உடையவர்களின் பிள்ளைகளில், பங்கு ஒன்றுக்கு ஒருவர் வீதம், மந்திர பிராமணத்தோடு தருமசாஸ்திரம் ஒன்றையும் கற்றவராய், நல்லொழுக்கம் உடையவராய் இருப்பவரே சபையில் கலந்துகொள்ளலாம் என்பது அந்த ஒழுங்கு. கலந்துகொள்வது என்று நான் எழுதுகிற இடத்தில் கல்வெட்டு போட்டிருக்கிற சொல் எது தெரியுமா? மன்றாடுதல்!

ஆகவே, கி. பி. 800 வாக்கில் மன்றாடுவது ஒரு தகுதி, ஓர் உரிமை, படித்துத் தேறிப் பெறவேண்டிய பதவி. இன்னும் ஒரு செய்தியும் அந்தக் கல்வெட்டிலே உண்டு. சபையில் எதைச் சொன்னாலும் "அன்று, அன்று" என்று மறுத்துக் குறுக்கே விழுந்து தடை செய்வோருக்கும், அவர்களுக்குத் துணை நிற்போருக்கும் ஐந்து காசு தண்டம். இக்காலத்துச் சட்டசபைகளின் நடவடிக்கைகளைப் பத்திரிகையில் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் புன்னகை செய்துகொள்ளலாம். தண்டம் போடுகிற அளவுக்கு ஓங்கிப் பேசினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. கெஞ்சுகிறவனுக்கு யாரும் அபராதம் விதிப்பதில்லை.

அதே கல்வெட்டை மறுபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பங்கு உடையவன் மன்றாடலாம் என்றால், பங்கில்லாதவன் என்ன செய்வான்? அந்த நிலத்தை உழுதவனுக்கும், அதன் நெல்லைக் குத்தியவளுக்கும் அந்த மன்றில் குரல் இல்லை. அவர்களுக்கு ஒரு குறை இருந்தால், மன்றாடுகிற தகுதி உள்ள ஒருவரின் வாசலில் போய் நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்று சொல்லுகிற பேச்சுக்கு வேறு குரல், வேறு உடம்பு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்றாடி என்ற பெயர் பழங்காலத்தில் யார் யாருக்கெல்லாம் இருந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மன்றாடிகள் ஆட்டிடையர்கள். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமானால் அதற்கு 96 ஆடுகள் கொடுக்க வேண்டும். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கணக்கு இது. அந்த ஆடுகளை ஏற்று மேய்த்து, நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது இடையர் பொறுப்பு. ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் புதியது சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்றே பெயர். சொன்ன சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்ற வேண்டிய மனிதர்களை மன்றாடி என்று அழைத்தார்கள். கொங்கு நாட்டில் பழையகோட்டைப் பட்டக்காரர்களுக்கு மன்றாடியார் என்பது பட்டப்பெயர். கெஞ்சுகிறவர் என்ற பொருளில் எந்தக் குடும்பமாவது பட்டம் சூட்டிக்கொள்ளுமா?

எல்லாருக்கும் மேலான மன்றாடி சிவபெருமான். மன்றிலே ஆடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். ஆனால் அந்த மன்றாடி ஒரு முறை மன்றிலே வழக்கும் ஆடினான் என்பதைப் பெரியபுராணம் படித்தவர்கள் அறிவார்கள். சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள்ளே ஒரு கிழ வேதியர் நுழைந்து, "இவன் எனக்கு வழிவழி அடிமை" என்று வழக்குத் தொடுக்கிறார். சுந்தரர் கோபங்கொண்டு ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழவர் அங்கே போய், "நான் கடவுள்" என்று சொல்லவில்லை. அற்புதம் எதுவும் செய்து காட்டவுமில்லை. கிழிந்தது படியோலைதான் என்று கூறி மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சபையார் சுந்தரரின் பாட்டனாருடைய கையெழுத்தை ஒத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். ஆண்டவனே ஆனாலும் மன்றுக்கு வந்துவிட்டால் ஆவணம் காட்ட வேண்டும்! மன்றாடுதலின் இலக்கணத்தை இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியாது. வழக்கில் தோற்று அடிமையான பிறகாவது சுந்தரர் குனிந்து பேசினாரா? இல்லை. பித்தன் என்றே ஆண்டவனை அழைத்தார். நெல் கேட்டார், பொன் கேட்டார், குண்டையூரில் கிடைத்த நெல்லைச் சுமக்க ஆள் வேண்டும் என்று திருக்கோளிலியில் போய்க் கேட்டார். நண்பனிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

கண்ணகியை நினைத்துக்கொள்ளாமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது. சிலப்பதிகாரத்தில் அவள் பாண்டியன் முன் நிற்கிற பகுதிக்கு இளங்கோ வைத்த பெயர் வழக்குரை காதை. புலம்பல் காதை அன்று. இரங்கல் காதை அன்று. வழக்கு உரைத்த காதை. கணவனை இழந்தவள், ஊருக்குப் புதியவள், கையில் ஒற்றைச் சிலம்பு. என் சிலம்பில் மாணிக்கப் பரல், உன் தேவி சிலம்பில் என்ன பரல் என்பதுதான் வழக்கின் முழுச் சாரமும். முத்து என்றான் அரசன். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அதற்குமேல் பேச்சு வேண்டியிருக்கவில்லை. பழைய பொருளில் அவள் மன்றாடினாள். புதிய பொருளில் மன்றாடியிருந்தால் அரசன் இரண்டு பொற்காசு கொடுத்து அனுப்பியிருப்பான். சிலப்பதிகாரம் என்றொரு காவியம் நமக்குக் கிடைத்திருக்காது.

கேட்பதற்கும் குனிவதற்கும் கட்டாய உறவு எதுவும் இல்லை என்பதைத் தமிழ் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தது. தொல்காப்பியர் கேட்கிற சொற்களை மூன்றாக வகுத்தார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் "ஈ" என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்டால் "தா" என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் "கொடு" என்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றாக இருக்கலாம். ஆனால் வாயிலிருந்து வருகிற சொல்லே கேட்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று காட்டிக் கொடுத்துவிடும். வறுமையிலேயே வாழ்ந்த புலவர் பெருஞ்சித்திரனார் அதியமானிடம் பரிசில் பெறப் போனார். அதியமான் அவரைக் காணாமலே பொருளை அனுப்பி வைத்தான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். வீட்டிலே உலை ஏறவில்லை. இருந்தாலும் முகம் பாராமல் கொடுத்த பொருள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டது "ஈ" அன்று, "தா".

இனி, இன்று நாம் அலுவலகங்களில் வழங்குகிற விண்ணப்பம் என்ற சொல்லுக்கு வருவோம். இது வடமொழியிலிருந்து வந்தது. அறிவித்தல், தெரியப்படுத்துதல் என்பதே மூலப் பொருள். பல்லவர் செப்பேடுகளில் நிலக்கொடைக்கு இன்னார் விண்ணப்பம் செய்தார், இன்னார் ஆணத்தியாக நின்று நிறைவேற்றினார் என்று வரும். விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் அரசனுக்கு நெருக்கமான பெரிய மனிதர்கள். செப்பேட்டில் பெயர் பொறிக்கப்படுகிற அளவுக்குப் பெரியவர்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் முன் திவ்யப் பிரபந்தம் பாடுகிற அரையர்களுக்கு விண்ணப்பம் செய்வார் என்று பெயர். அங்கேயும் கெஞ்சல் இல்லை; செய்தியைப் பெருமாள் திருச்செவியில் சேர்ப்பதுதான் தொழில்.

அப்படியானால் முதுகு எப்போது வளைந்தது? பழைய வைணவக் கடிதங்களில் "அநேக தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்ட விண்ணப்பம்" என்ற தோரணையில் தொடக்கம் இருக்கும். தெண்டன் என்பது தண்டம், அதாவது தடி. நட்டு வைத்த தடியைத் தட்டிவிட்டால் எப்படி நெடுக விழுமோ, அப்படி விழுந்து வணங்குதல் தெண்டனிடுதல். மானூரில் குறுக்கே பேசியவன் தண்டம் கட்டினான். பின்னாளில் பேச வந்தவனே தண்டமாக விழுந்தான். ஆசாரியன் முன்னும் ஆண்டவன் முன்னும் விழுவதில் அழகு உண்டு. அது அன்பினால் விழுவது. ஆனால் அதே தெண்டன் பாளையக்காரர் அரண்மனைக்கும், பிறகு கச்சேரிக்கும் போய்ச் சேர்ந்தபோது அன்பு வழியிலேயே நின்றுவிட்டது. விழுந்த உடம்பு மட்டும் உள்ளே போயிற்று.

நவாபு ஆட்சியோடு அர்ஜி வந்தது. மகஜர் வந்தது. மகஜர் என்ற அரபுச் சொல்லின் வேரில் இருப்பது முன்னிலை என்ற கருத்து. பலர் நேரில் கூடி நின்று ஒப்பமிட்டது என்பது அதன் பழைய குறிப்பு. அதுவும் ஒரு வகையில் மன்றுதான். பிறகு ஆங்கிலேயர்களின் கோர்ட்டு வந்தது; பிளீடர்கள் வந்தார்கள். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பிளீடர் என்ற பெயர் எந்த ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததோ, அதுவும் முதலில் நீதிமன்றத்தில் வழக்காடுவதையே குறித்தது. பிறகுதான் கெஞ்சுவதையும் குறிக்கலாயிற்று. நம்முடைய மன்றாடுதலும் அவர்களுடைய சொல்லும் ஒன்றையொன்று அறியாமலே, கடலுக்கு இரு புறத்திலும், ஒரே படிக்கட்டில் இறங்கியிருக்கின்றன.

ஏன் இரண்டும் ஒரே மாதிரி இறங்கின? நான் நினைக்கிற காரணம் இது. தனக்குச் சமமானவர்கள் கூடிய மன்றில் ஒருவன் பேசினால் அது வாதம். அதே சொற்களை, தனக்கு இடமில்லாத ஒரு மன்றின் வாசலில் நின்று பேசினால் அது கெஞ்சல். சொல் மாறவில்லை, நிற்கிற இடம் மாறிவிட்டது. ஊர் மன்று கலைந்து, நியாயம் அரண்மனைக்கும் கச்சேரிக்கும் குடிபோனபோது, மன்றாடுகிறவனும் அதன் பின்னாலேயே நடந்து போய் வாசலில் நின்றான். பங்கில்லாதவர்கள் மானூர்க் காலத்திலேயே நின்ற இடம் அது. இப்போது பங்குடையவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கிறிஸ்தவத் தமிழில் மன்றாட்டு என்ற சொல் பிரார்த்தனையாக நிலைத்துவிட்டது. மன்றாட்டு மாலை என்று கேட்கும்போது அதில் ஒரு கனிவு இருக்கிறது. கடவுளுக்குமுன் எல்லாரும் வாசலில் நிற்பவர்கள்தானே! மனிதனுக்கு முன் மனிதன் அப்படி நிற்பதுதான் உறுத்துகிறது.

இருந்தாலும் பழைய பொருளை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டவர்களும் உண்டு. சிவகங்கை ஜமீனில் கௌரி வல்லபத் தேவர் 1829இல் இறந்த பிறகு, அந்தச் சீமை யாருக்கு என்ற வழக்கு மூண்டது. அவருடைய தமையனார் வழிப் பிள்ளைகள் ஒரு புறம்; மகள் காத்தம நாச்சியார் மறு புறம். மதுரையிலும் சென்னையிலும் நடந்த வழக்கு, கடல் கடந்து லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1863இல் தீர்ப்பு வந்தது: ஜமீன் கௌரி வல்லபர் தாமே சம்பாதித்த சொத்து, ஆகவே அது மகளுக்கே உரியது. ஆங்கிலக் கோர்ட்டு மனுக்களின் மரபுப்படி, "மிகவும் பணிவுடன்" என்ற தொடர் அந்தக் காகிதங்களில் எத்தனை முறை வந்திருக்குமோ! அதன் உள்ளே இருந்ததென்னவோ கண்ணகியின் வழக்குத்தான். மானூர் மன்றில் வாய் திறக்க இடமில்லாத பெண்குலத்தில் ஒருத்தி, ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, ஏழு கடலுக்கு அப்பால் மன்றாடி வென்றாள். இந்து வாரிசுச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூர் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்து மலைக்காதவர்கள் இல்லை. 1930களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் அல்லர்; கடன் கொடுக்கப் போனவர்கள். 1930இல் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. அந்நாளில் கிட்டங்கியின் முன்னே தவணை கேட்டு நின்றவன் பர்மாக் குடியானவன். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். ஓடி வந்தவர்கள் வீடு சேர்ந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை அடைந்து நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் போயிற்று. நஷ்டஈடு கேட்டு ரங்கூனுக்கும் டில்லிக்கும் மனுக்கள் போயின. பெரும்பாலோருக்கு உருப்படியாக ஒன்றும் வந்து சேரவில்லை.

அமராவதிபுதூரில் ஒரு வீட்டின் முகப்பில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்தபோது, எண்பது கடந்த ஆச்சி ஒருவர் சொன்னார்: "கேட்டு வந்தவுகளைத் திண்ணையிலே உக்கார வச்சுக் கணக்குப் பார்த்த வீடு தம்பி இது. பொறகு எங்க மாமனார் ஊரூராப் போய் நின்னுக்கிட்டே மனுக் கொடுத்தாக. 'மன்றாடியாச்சு ஆச்சி, இனி ஒண்ணுமில்லே'ன்னு எங்க மாமியார்கிட்டே வந்து சொன்னாக." அந்த நிலம் யாருடைய உழைப்பில் விளைந்தது என்று பர்மாக் குடியானவன் கேட்டால் அதற்கும் நியாயம் உண்டு. அவனுக்கும் ஒரு காலத்தில் மன்று இல்லை. பிறகு செட்டியார்களுக்கு இல்லை. மன்றாடி அலுத்தோம் என்று அந்தப் பெரியவர் சொன்னபோது, அந்தச் சொல் தன் பாதை முழுவதையும் நடந்து முடித்துவிட்டது.

அதே அமராவதிபுதூரில் 1898இல் பிறந்தவர் ராய. சொக்கலிங்கனார். தமிழறிஞர், காந்தியடிகள்மீது பிள்ளைத்தமிழ் பாடியவர். காரைக்குடியில் அவர் ஆசிரியராக இருந்து நடத்திய பத்திரிகையின் பெயர் ஊழியன். அந்தப் பெயரின் சுவையைக் கவனியுங்கள். "தங்கள் கீழ்ப்படிந்துள்ள ஊழியன்" என்றுதான் அந்நாளில் சர்க்காருக்குப் போகிற மனுக்கள் முடியும். மனுவின் அடியில் ஒடுங்கிக் கிடந்த சொல்லை எடுத்துப் பத்திரிகையின் தலைப்பில் ஏற்றினார்கள் செட்டிநாட்டு இளைஞர்கள். துரைக்கு ஊழியன் அல்லன்; மக்களுக்கு ஊழியன். புதுமைப்பித்தன்கூடச் சில காலம் அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்திருக்கிறார்.

அந்த இளைஞர்கள் 1917இல் காரைக்குடியில் அமைத்த இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919 நவம்பரில் பாரதியார் வந்தார். அதற்கு முந்திய ஓராண்டில் அவர் எழுதிய இரண்டு விண்ணப்பங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாண்டுப் புதுவை வாசத்தை முடித்துக்கொண்டு 1918 நவம்பர் 20ஆம் தேதி பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தவரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அங்கிருந்து 28ஆம் தேதி கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவுக்கு ஆங்கிலத்தில் எழுதினார். அரசியலை விட்டுவிட்டேன், சட்டத்துக்கு அடங்கி நடப்பேன், விடுதலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கில மரியாதைகள் அத்தனையும் அதில் உண்டு. டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையானார்.

பிறகு கடையத்தில் வறுமை. 1919 மே 2ஆம் தேதி எட்டயபுரம் மன்னருக்கு ஒரு சீட்டுக்கவி அனுப்பினார். சீட்டுக்கவி என்பது தமிழ்ப் புலவர்களின் விண்ணப்பம். பாட்டிலே எழுதுகிற கடிதம். அதற்கு ஒரு மரபு உண்டு. கேட்பவன் முதலில் தான் யார் என்று சொல்வான். தன் கவியின் பெருமையைக் கூச்சப்படாமல் எடுத்துரைப்பான். அதன் பிறகே கேட்கிற பொருள் வரும். பாரதியும் அந்த மரபுப்படியே எழுதினார். நாட்டுக்குப் புகழ் சேர்த்த கவிஞன் என்ற நிமிர்வோடு எழுதினார். பயன் கிட்டவில்லை.

இரண்டு கடிதங்களையும் எழுதியது ஒரே கை. முதல் கடிதத்தைக் காட்டி அவரைக் குறை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டால் நல்லது என்று நினைக்கிற அன்பர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. மனைவியும் இரண்டு பெண்களும் உள்ள ஒரு மனிதர், தமக்குச் சொந்தமில்லாத ஒரு மன்றின் வாசலில் நின்று, அந்த மன்று புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் எழுதினார். தமக்குச் சொந்தமான மன்றில் பேச வாய்ப்பு வந்தபோது தலை நிமிர்ந்தே பேசினார். முதல் கடிதம் அவரை விடுவித்தது, இரண்டாவது வீணாயிற்று. இருந்தும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துப் போற்றுவது இரண்டாவதைத்தான். காரைக்குடிச் சங்கத்தாரோடு அப்போது எடுத்த படத்தில், கையில் தடியோடு காட்சி தருகிறாரே, அந்தப் பாரதியின் முகத்தில் வாசலில் நிற்கிறவனின் சாயல் கொஞ்சமாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய கதையை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இன்றும் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகங்களில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தாலுக்கா ஆபீசுகளில் ஜமாபந்தி நடக்கிறது. மனு எழுதிக் கொடுப்பவர்களைச் சுற்றி அதிகாலையிலேயே கூட்டம் கூடிவிடும். பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சட்டப்படி தமக்கு உரியதைக் கேட்கத்தான் வருகிறார்கள். ஆனால் மனுவிலே "மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால்தான் எடுபடும் என்று ஒரு நம்பிக்கை. கெஞ்சினால் மிஞ்சுவார்கள் என்ற பழமொழியை அறிந்த மக்கள்தான் அப்படி எழுதுகிறார்கள்.

மறுபுறம், கலைந்துபோன ஊர் மன்று சட்டத்திலே திரும்பி வந்திருக்கிறது. 1992இல் அரசியல் சட்டத்தில் செய்த 73ஆவது திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் ஒட்டி, ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை உண்டு. 2022 முதல் தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மானூர் சபையில் பங்கு வேண்டும், படிப்பு வேண்டும். இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். உழுகிறவனும் பேசலாம், நெல் குத்துகிறவளும் பேசலாம். வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லலாம். "அன்று" என்று மறுக்கலாம். ஐந்து காசு தண்டமும் கிடையாது.

ஆனால் பல ஊர்களில் என்ன நடக்கிறது? மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மக்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக எழுந்துபோய், கைகூப்பி, மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். மன்று வந்துவிட்டது, மன்றாடுகிறவன்தான் இன்னும் வாசலை விட்டு உள்ளே வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். கையில் இருக்கிற மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, ஊர் முழுதும் கேட்கும்படி அதை வாயால் சொல்லுங்கள். அதற்குத்தான் நம் முன்னோர்கள் மன்றாடுதல் என்று பெயர் வைத்தார்கள்.